அக்கியை அலட்சியம் செய்யற்க

கரிசல் பூமியில் மிளகாய் வற்றல் உலர்த்துவோருக்கும் தறியில் சாயநூல் கையாளுவோருக்கும் தோலரிப்பு புதிதன்று. எனினும் சில குறிகளை அலட்சியம் செய்தல் ஆகாது.

இளவயதில் அக்கி காணுதல், நாக்கில் வெண்படலம் படிதல், கைகால்களில் அரிப்புக் கொப்புளங்கள் மாதக்கணக்கில் ஆறாதிருத்தல், படை மீண்டும் மீண்டும் பரவுதல் ஆகியவை, எச்.ஐ.வி. கிருமியால் எதிர்ப்புச் சக்தி குன்றியதன் முதல் அடையாளங்களாக இருக்கக்கூடும். முன்பு கண்ட சின்னம்மையின் கிருமி நரம்பில் உறங்கிக் கிடந்து, எதிர்ப்புத் தளருங்கால் விழித்தெழுவதே அக்கி. குயவரிடம் காவியால் அக்கி எழுதிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். கொப்புளமோ சில வாரங்களில் தானே வாடிவிடும். எழுத்தினால் தீர்ந்ததென்று எண்ணிவிடுகிறோம். உள்ளிருக்கும் காரணம் அறியப்படாமலே போகிறது.

இக்குறி கண்டோர் எல்லோருக்கும் எச்.ஐ.வி. உண்டென்பதில்லை, முதியோர்க்கும் நீரிழிவுடையோர்க்கும் அக்கி வரும். இரத்தப் பரிசோதனையே உண்மை கூறும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் அது இலவசம், இரகசியமும் காக்கப்படும்.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இக்கிருமியை இந்தியாவில் முதன்முதல் கண்டறிந்தபோது இதற்கு மருந்தில்லை. இன்று அரசு இலவசமாக வழங்கும் கூட்டு மருந்தைத் தவறாது உண்போர் நெடுங்காலம் உழைத்து வாழலாம். தொடுவதாலும் உடனுண்பதாலும் இது பரவாது. நோயுற்றோரிடம் வேற்றுமை பாராட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

ஆதலின் அங்கத்தினர்களே, அக்கி கண்டால் மூன்று நாட்களுக்குள் மருத்துவரை நாடுங்கள், பரிசோதனைக்கும் நாணாதீர்கள்.