பைக்குள் பார்லி, பாத்திரத்தில் இனிப்பு

மாணவர்களே, கடையில் பார்லித் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பீர்கள். அதில் உள்ள இனிப்பு பார்லியினுடையதன்று. கடைக்காரர் சேர்த்த சீனியினுடையது. மணிக்கணக்கில் கொதிக்க வைத்தாலும் அந்தப் பார்லி தானாக இனிக்காது. ஆனால், மைலோவில் சேர்க்கப்படும் மால்ட் சாறும் பார்லியிலிருந்துதான் வருகிறது. அது மட்டும் எப்படி இனிக்கிறது?

பார்லி மணிக்குள் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அது இளஞ்செடிக்கான உணவுச் சேமிப்பு. விதை முளைக்கும்போது அமிலேஸ் என்னும் நொதியை உருவாக்குகிறது. அந்நொதி மாவுச்சத்தைச் சிறு சர்க்கரைகளாக உடைத்து முளைக்கு ஊட்டுகிறது. சோற்றை நன்கு மென்றால் இலேசாக இனிக்குமே, அது உங்கள் உமிழ்நீரில் உள்ள அமிலேஸின் வேலை.

பார்லியைச் சில நாள் முளைக்கவிட்டு, பிறகு வெப்பக் காற்றில் உலர்த்துவார்கள். முளை வளர்வது நின்றுவிடும். நொதி அழியாமல் தங்கும். இதுவே மால்ட். கடையில் வாங்கும் பார்லி, தோலும் கருவும் போகத் தீட்டப்பட்டது. ஆகவே அது முளைக்காது.

மால்ட்டிலிருந்து இனிப்பை எடுக்க ஓர் எளிய வழி வலைப்பை. வீட்டில் பியர் தயாரிப்போரின் முதல் படியும் இதுவே. நொறுக்கிய மால்ட்டை வலைப்பையில் இட்டு, 65 முதல் 68 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஊறவிடுவார்கள். பையைத் தூக்கி வடியவிட்டால், பாத்திரத்தில் இனிப்பு நீர் எஞ்சும். ஈஸ்ட் சேர்த்து நொதிக்க வைக்கும் வரை அதில் மது இல்லை.

இங்குப் பையின் வேலை என்ன? கரைந்த சர்க்கரை வலைக்கண்கள் வழியே எளிதாக வெளியேறும். உமியும் தானியத் துண்டுகளும் உள்ளேயே நிற்கும். மதுபான ஆலைகளில் பொதுவாக உமியே அடியில் படிந்து வடிகட்டியாகிறது. மால்ட்டை மிக நுணுக்கமாக அரைத்தால் அந்த உமிப் படுகை அடைத்துக்கொள்ளும். பையில் வடிகட்டும் வேலையை வலை பார்த்துக்கொள்வதால், சற்று நுணுக்கமாகவே அரைக்கலாம். துண்டு சிறிதானால் மேற்பரப்பு கூடும். நீர் விரைவில் உட்புகும்.

ஆனால், பையை இறுக்கமாக நிரப்பக்கூடாது. நடுவில் உள்ள மால்ட் நனையாமல் மாவுக்கட்டியாகிவிடும். பை தளர்வாக இருக்க வேண்டும். அவ்வப்போது கிளறவும் வேண்டும். அடுப்பு எரியும்போது நைலான் பை பாத்திரத்தின் அடியைத் தொட்டால் உருகிவிடலாம்.

தேநீர்ப் பைக்குக் கொதிநீர் ஊற்றுகிறோமே, மால்ட்டுக்கும் ஊற்றினால் என்ன? தேயிலையில் சுவையும் நிறமும் முன்பே இருக்கின்றன. நீர் அவற்றைக் கரைத்தெடுத்தால் போதும். மால்ட்டில் சர்க்கரையின் பெரும்பகுதி இனிமேல்தான் உருவாக வேண்டும். நொதி ஒரு புரதம். கொதிநீரில் அதன் வடிவம் சிதைந்து செயலிழந்துவிடும். நீர் குளிர்ந்திருந்தாலோ மாவுச்சத்து இளகாது. நொதியால் அதை எளிதில் உடைக்க முடியாது.

இதை ஆசிரியர் மேற்பார்வையில் சோதித்துப் பாருங்கள். நொறுக்கிய மால்ட்டைச் சம அளவில் இரு சிறு வலைப்பைகளில் இடுங்கள். ஒன்றை 65 பாகை செல்சியஸ் நீருள்ள முகவையிலும் மற்றொன்றைக் கொதித்துக்கொண்டிருக்கும் நீரிலும் போடுங்கள். முதல் முகவையை வெந்நீர்த் தொட்டியில் வைத்து வெப்பம் குறையாமல் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து, இரண்டிலிருந்தும் சில துளிகளை வெள்ளை ஓட்டில் இட்டு ஆறவிடுங்கள். சூடாக இருந்தால் நிறம் சரியாகத் தெரியாது. பிறகு அயோடின் கரைசலைச் சேருங்கள். கொதிநீரின் துளி கருநீலமாகும். மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. மற்றதில் அயோடினின் பழுப்பு மஞ்சள் மாறாவிட்டால், மாவுச்சத்து சர்க்கரையாகிவிட்டது என்று பொருள். ஆய்வுக்கூடத்தில் செய்ததைச் சுவைத்துப் பார்க்காதீர்கள்.

இரண்டு பைகளும் ஒன்றே, மால்ட்டும் ஒன்றே. முடிவை மாற்றியது நீரின் வெப்பம் மட்டுமே.