ஹிரோஷிமா மீது அணுகுண்டு போட்ட விமானம் இப்போ எங்க இருக்கு? பெயர்ப்பலகைக்கே சண்டை வந்த கதை

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15 மணி. ஹிரோஷிமா மீது அணுகுண்டை வீசிவிட்டுத் திரும்பியது எனோலா கே என்ற பி-29 ரக விமானம். குண்டைப் பற்றி நிறைய படித்திருப்போம். அந்த விமானம் என்ன ஆச்சு?

பத்திரமாக இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டனுக்கு அருகே டல்லஸ் விமான நிலையத்தை ஒட்டி, ஸ்டீவன் எஃப். உத்வார்-ஹேசி மையம் என்ற பிரம்மாண்ட அருங்காட்சியகம் உள்ளது. ஸ்மித்சோனியன் நிறுவனம் நடத்தும் இந்த மையத்தில் பளபளவென்று நிற்கிறது எனோலா கே.

அதென்ன எனோலா கே?

விமானத்தை ஓட்டிய பால் டிபெட்ஸின் அம்மா பெயர். தாக்குதலுக்குப் புறப்படும் முன் விமானத்தின் மூக்குப் பகுதியில் அந்தப் பெயரை எழுதச் சொன்னார் டிபெட்ஸ். ஒரு நகரத்தையே அழித்த விமானத்துக்குப் பெற்ற தாயின் பெயர். கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது இல்லையா?

குப்பை மாதிரி கிடந்தது

போர் முடிந்து 1949ல் ஸ்மித்சோனியனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் நிறுத்தி வைக்க இடமில்லை. 1950களில் பல வருஷம் ஒரு விமானப்படைத் தளத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. உள்ளே பறவைகள் கூடு கட்டின, நினைவுப் பொருளாக ஆளாளுக்குப் பாகங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பிறகு துண்டு துண்டாகப் பிரித்துக் கிடங்கில் போட்டார்கள். 1984ல்தான் சீரமைப்பு வேலை தொடங்கியது.

பிரச்சினை வெடித்தது எப்படி?

போர் முடிந்த 50வது ஆண்டான 1995ல் இதைக் காட்சிக்கு வைக்கத் திட்டம். விமானத்தை மட்டும் வைக்காமல், குண்டு விழுந்த இடத்தில் என்ன நடந்தது என்பதையும் காட்டலாம் என்று நினைத்தார்கள். ஹிரோஷிமா பள்ளி மாணவி ஒருத்தியின் கருகிப்போன டிபன் பாக்ஸும் அந்தத் திட்டத்தில் இருந்தது.

அவ்வளவுதான், முன்னாள் ராணுவ வீரர்கள் கொதித்துவிட்டார்கள். “போரை ஆரம்பித்த ஜப்பானைப் பாவப்பட்ட நாடாகவும், எங்களைக் கொலைகாரர்களாகவும் காட்டுகிறீர்கள்” என்பது அவர்கள் வாதம். குண்டு போடாமல் இருந்திருந்தால் ஜப்பானுக்குள் இறங்கிச் சண்டையிட்டு இன்னும் ஏராளமான வீரர்கள் செத்திருப்பார்கள் என்றார்கள். அமெரிக்க செனட்டும் கண்டனத் தீர்மானம் போட்டது. இன்னொரு பக்கம், வரலாற்றைத் தணிக்கை செய்யாதீர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் குரல் கொடுத்தார்கள்.

1995 ஜனவரியில் அந்தக் கண்காட்சியே ரத்தானது. அருங்காட்சியக இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் மே மாதம் பதவி விலகினார். டிபன் பாக்ஸ் வரவில்லை. விமானத்தின் முன்பகுதி உள்ளிட்ட சில பாகங்களை வைத்து ஒரு சின்ன கண்காட்சி நடந்தது.

2003ல் மறுபடியும்

உத்வார்-ஹேசி மையம் 2003 டிசம்பர் 15ல் திறக்கப்பட்டபோது முழு விமானமும் வந்துவிட்டது. பக்கத்தில் வைத்த பலகையில் விமானத்தின் தொழில்நுட்பச் சிறப்புகளும், போரில் முதல் அணுகுண்டை வீசியது இதுதான் என்ற தகவலும் இருந்தன. எத்தனை பேர் இறந்தார்கள் என்பது மட்டும் இல்லை. 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. அந்த எண்ணையும் எழுதுங்கள் என்று அறிஞர்கள் பலர் கையெழுத்திட்டுக் கேட்டும் அருங்காட்சியகம் மசியவில்லை. எல்லா விமானத்துக்கும் இப்படித்தான் எழுதுகிறோம் என்று விளக்கம் சொன்னது. விமானத்தின் றெக்கை நீளம் 43 மீட்டர் என்று சொல்ல இடம் இருக்கும்போது இதற்கு ஒரு வரி இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. திறப்பு நாளன்றே போராட்டம் நடந்து, விமானத்தின் மீது சிவப்புத் திரவம் நிரம்பிய பாட்டில் வீசப்பட்டது.

வேறு என்னென்ன இருக்கு?

இரண்டாம் உலகப் போர் பகுதியிலேயே ஜப்பானின் ஐச்சி செய்ரான் நிற்கிறது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் மடித்து எடுத்துப்போய்ப் பறக்கவிடுவதற்காகச் செய்த குண்டுவீச்சு விமானம் இது. உலகத்தில் மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான்.

1990 மார்ச் 6ல் லாஸ் ஏஞ்சலஸில் இருந்து வாஷிங்டனுக்கு 64 நிமிடத்தில் பறந்த எஸ்ஆர்-71 உளவு விமானமும் இங்கேதான். அந்தப் பயணத்தோடு நேராக அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். பயணிகள் விமானங்களில் ஏர் பிரான்ஸ் கொடுத்த கான்கார்டும், போயிங் 707க்கு முன்னோடியான டேஷ் 80ம் உண்டு. 39 முறை விண்வெளிக்குப் போன டிஸ்கவரி விண்கலத்துக்குத் தனிக்கூடமே இருக்கிறது. 2006 டிசம்பரில் சுனிதா வில்லியம்ஸ் முதல்முறையாக விண்வெளிக்குப் போனது இதில்தான்.

நுழைவுக் கட்டணம் கிடையாது, பார்க்கிங்குக்குத்தான் காசு. எனோலா கே விமானத்தைத் தாங்கிகள் மேல் உயர்த்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உள்ள நடைமேடையில் ஏறினால் டிபெட்ஸ் உட்கார்ந்திருந்த காக்பிட்டைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். உள்ளே ஏற அனுமதி இல்லை.