மஞ்ஞப்பட

மஞ்ஞப்பட என்பது இந்தியன் சூப்பர் லீக் போட்டிகளில் ஆடும் கேரள பிளாஸ்டர்ஸ் கால்பந்துக் கழகத்தின் ஆதரவாளர் அமைப்பு ஆகும். மலையாளத்தில் 'மஞ்ஞ' என்பது மஞ்சளையும் 'பட' என்பது படையையும் குறிக்கும். எனவே தமிழில் இதனை மஞ்சள் படை எனலாம். கழகத்தின் சீருடை நிறமே இப்பெயருக்குக் காரணம். இந்தியாவின் மிகப் பெரிய கால்பந்து ஆதரவாளர் அமைப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது. பெருந்திரளாகக் கூடுவதாலும் ஓயாத ஆரவாரத்தாலும் புகழ் பெற்ற இவ்வமைப்பு, வீரர்களையும் நிர்வாகத்தையும் கடுமையாக விமர்சிப்பதாலும் பெயர் பெற்றது. சில வேளைகளில் அதற்காகவே கண்டனத்துக்கும் உள்ளானது.

தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் உள்ளது. கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப் வழியாக மலைச்சாலையில் ஏறினால் குமுளி. அதற்கு அப்பால் கேரளம். கம்பத்திலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில் இருக்க, கொச்சியோ ஏறத்தாழ 170 கிலோமீட்டரில் உள்ளது. கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் கால்பந்து ஆர்வலருக்கு, 2014 முதல் பல பருவங்கள் மிக அருகில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் ஆட்டங்கள் கொச்சி ஆட்டங்களே ஆகும்.

தோற்றமும் கூட்டமும்

கேரள பிளாஸ்டர்ஸ் கழகம் 2014 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் உரிமையாளர்களுள் ஒருவராகத் துடுப்பாட்ட வீரர் சச்சின் டெண்டுல்கர் இருந்தார். 2018 இல் அவர் தம் பங்கை விற்று விலகினார். கழகத்துக்கு வந்த கூட்டத்தை அவருடைய புகழால் மட்டும் விளக்கிவிட முடியாது. கோழிக்கோட்டின் நாக்ஜி கோப்பை 1952 இலேயே தொடங்கியது. கேரளக் காவல்துறை அணி 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் கூட்டமைப்புக் கோப்பையை வென்றது. மலப்புறம் பகுதியில் அணிக்கு எழுவர் ஆடும் 'செவன்ஸ்' போட்டிகள் ஊர்த் திருவிழாப் போல நடைபெறுகின்றன. இவ்வாறு பல தலைமுறைகளாகக் கால்பந்து பார்த்துப் பழகியவர்களுக்குத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு கழகம் கிடைத்ததே உண்மையான காரணம் எனலாம்.

தொடக்கப் பருவங்களில் கொச்சி, கலூரிலுள்ள சவகர்லால் நேரு விளையாட்டரங்கத்துக்கு ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 50,000 பேர் அளவில் வந்தனர். 2017 இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடைபெற்றபோது, பாதுகாப்புக் கருதி இவ்வரங்கில் அனுமதிக்கப்படுவோர் எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது. அரங்கின் கிழக்குப் பகுதியே மஞ்ஞப்படையினர் கூடும் இடமாக அறியப்படுகின்றது.

வராமல் இருத்தல்

கழகம் 2014, 2016, 2021-22 ஆகிய மூன்று பருவங்களில் இறுதிப் போட்டியில் தோற்றது. இவற்றுள் 2016 இன் தோல்வி கொச்சியிலேயே, சமநிலை நீக்கும் உதைகளில் நேர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் ஆதரவாளர் நிலைத்திருந்தனர். ஆனால் அவர்கள் எதையும் பொறுத்துக்கொள்வோர் அல்லர் என்பது 2018-19 பருவத்தில் தெரிந்தது. முதல் ஆட்டத்தில் வென்ற அணி, அடுத்த பதினான்கு ஆட்டங்களில் ஒன்றிலும் வெல்லவில்லை. டிசம்பரில் ஆதரவாளர்கள் அரங்கைப் புறக்கணித்தனர். மஞ்சள் கடல் எனப்பட்ட இருக்கைகள் வெறுமையாகத் தொலைக்காட்சியில் தெரிந்தன. அம்மாதமே பயிற்சியாளர் டேவிட் ஜேம்ஸ் பதவி விலகினார். கல் வீசியோ இருக்கைகளை உடைத்தோ காட்டியிருக்கக்கூடிய சினத்தை, வராமலிருந்து காட்டியது இவ்வமைப்பின் நடத்தையில் பாராட்டத்தக்கது. 2024 டிசம்பரிலும் இதே வழி கையாளப்பட்டது. தொடர் தோல்விகளுக்கு நிர்வாகமே பொறுப்பு எனக் கூறி, இனி நுழைவுச்சீட்டு வாங்குவதில்லை என அறிவித்தனர். சில நாள்களில் பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரே நீக்கப்பட்டார். 2025 சனவரியில் ஆதரவாளர் ஆலோசனைக் குழு ஒன்றை அமைப்பதாகக் கழகம் அறிவித்தது.

வினீத் விவகாரம்

அமைப்பின் பெயருக்குப் பெரும் இழுக்கைத் தேடித் தந்தது 2019 பெப்ரவரியில் நிகழ்ந்தது. கண்ணூரைச் சேர்ந்த சி. கே. வினீத், கேரள பிளாஸ்டர்சின் விருப்பத்துக்குரிய முன்கள வீரராக இருந்தவர். அப்பருவத்தின் இடையில் அவர் கடன் முறையில் சென்னையின் எஃப்சி அணிக்கு அனுப்பப்பட்டார். பெப்ரவரி 15 அன்று சென்னை அணியுடன் கொச்சிக்கு வந்தார். அன்று கேரளம் 3-0 என வென்று தன் நெடிய வறட்சியை முடித்துக்கொண்டது. மகிழ்ந்து கலைந்திருக்க வேண்டிய நாள் அது. மாறாக, பந்தெடுத்துக் கொடுக்கும் ஏழு வயதுச் சிறுவனை வினீத் வசைபாடினார் என்று கூறும் ஒலிப்பதிவு வாட்சப்பில் பரவியது. அது பொய் என்று மறுத்த வினீத், மஞ்ஞப்படைக்கு எதிராகக் காவல்துறையில் முறைப்பாடு அளித்தார்.

ஆயிரக்கணக்கானோர் இணைந்துள்ள ஓர் அமைப்புக்குள் ஒருவரின் ஒலிப்பதிவு எத்தனை விரைவாகப் பரவுமோ, அத்தனை விரைவாக அதற்கான மறுப்பு பரவுவதில்லை. அரங்கில் எழும் கூச்சல் தொண்ணூறு நிமிடங்களில் அடங்கிவிடும். இணையத்தில் எழுவதற்கு முடிவுநேரம் கிடையாது.

போட்டியாளர்கள்

சென்னையின் அணிக்கு 'பி ஸ்டாண்ட் புளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' ஆகிய ஆதரவாளர் குழுக்கள் உள்ளன. இவ்விரு கழகங்களும் 2014 இலேயே அரையிறுதியில் மோதின. கொச்சியில் 3-0 எனத் தோற்ற சென்னை, தன் அரங்கில் மூன்று கோல்களையும் ஈடுசெய்தது. எனினும் கூடுதல் நேரத்தின் இறுதிக் கட்டத்தில் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோலால் கேரளம் இறுதிக்குச் சென்றது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கலால் குமுளிச் சாலை அடைபட்டதைக் கண்ட கம்பம் பள்ளத்தாக்கினருக்கு, மாநிலப் பகைமை என்பது எத்தகையது என்று சொல்லத் தேவையில்லை. அதனோடு ஒப்பிட்டால் 'தென்னிந்தியப் போட்டி' எனப்படும் இது விளையாட்டுப் பகையே.

கசப்பு மிகுந்தது பெங்களூர் அணியுடனான போட்டியாகும். அதன் ஆதரவாளர்கள் 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' எனப்படுவர். 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் நடந்த வெளியேற்றச் சுற்றின் கூடுதல் நேரத்தில், கேரள வீரர்கள் ஆயத்தமாகும் முன்னரே சுனில் சேத்ரி தனியுதையைக் கோலாக்கினார். அதனை எதிர்த்துப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் அணியுடன் களத்தைவிட்டு வெளியேறினார். அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு கழகத்துக்கு 4 கோடி ரூபாய் தண்டம் விதித்து, பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டங்கள் தடையும் விதித்தது. கொச்சி வானூர்தி நிலையத்தில் ஆதரவாளர்களோ அவரை வெற்றி வீரரைப் போல வரவேற்றனர். விதிப்படி செல்லுபடியான ஒரு கோலுக்காகச் சேத்ரி இணையத்தில் வசைக்கு ஆளானதும் நிகழ்ந்தது.

மஞ்ஞப்படையினரே தாக்குதலுக்கு உள்ளானதும் உண்டு. 2024 அக்டோபர் 20 அன்று கொல்கத்தாவில் முகமதன் அணி 2-1 எனத் தோற்ற ஆட்டத்தில், உள்ளூர் ரசிகர்கள் குப்பிகளையும் பிற பொருள்களையும் வீசியதால் ஆட்டம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. அந்நகரில் 1980 ஆகத்து 16 அன்று, மோகன் பாகான்-ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது ஈடன் தோட்டத்தில் எழுந்த கலவர நெரிசலில் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

2022 இறுதிப் போட்டி

கொரோனாப் பெருந்தொற்றால் இரு பருவங்கள் முழுவதும் கோவாவில், பார்வையாளர் இன்றி நடத்தப்பட்டன. 2022 மார்ச் 20 அன்று நடந்த இறுதிப் போட்டிக்கு மட்டும் பார்வையாளர் அனுமதிக்கப்பட்டனர். கேரளத்திலிருந்து தொடர்வண்டியிலும் பேருந்திலும் இருசக்கர வண்டியிலும் பெருங்கூட்டம் படோர்டா அரங்கை நோக்கிப் புறப்பட்டது. மலப்புறத்திலிருந்து இருசக்கர வண்டியில் சென்ற இரு இளைஞர்கள் காசர்கோடு மாவட்டம் உதுமா அருகே விபத்தில் இறந்தனர். அன்று மாலை ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்து, சமநிலை நீக்கும் உதைகளில் ஐதராபாத்து அணி வென்றது.