உங்களுக்குத் தெரியுமா? மலைமேல் ஒரு கல்வீடு

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலைத்தொடரில், பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி, மேலே பெருங்கல்லொன்றால் மூடி, பூர்வகாலத்து மாந்தர் தம் முன்னோருக்கெனச் சிரத்தையுடன் அமைத்த ஈமச்சின்னங்கள் ஆங்காங்கே உண்டு. ஆராய்ச்சியாளர் இவற்றைக் கற்திட்டை என்பர். வடதமிழ்நாட்டு ஜனங்களோ பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் கதை சொல்லுவர். ஒருபக்கத்துப் பலகையில் வட்டமாகக் குடைந்த துளையொன்று இருப்பதும் உண்டு. அதைக் கண்டு, உள்ளே நிதி இருக்கிறதென்று மூடுகல்லைப் புரட்டுவோர் பெரும்பாலும் காண்பது பானை ஓடுகளும், துருவேறிய இரும்பும், எலும்புத் துண்டுகளுமே. நிதியே கிடைத்தாலும் என்ன லாபம்? பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்துவிட்டது!

இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மயானங்களுக்கும் சட்டத்தின் ரக்ஷணை உண்டு. மனம் புண்படுத்தும் நோக்குடன் எந்த மயானத்தில் அத்துமீறி நுழைந்தாலும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கும். வனவாழ் பழங்குடியினரின் கலாசாரப் பாரம்பரியத்துக்கு ஊறு நேராமல் காக்கும் அதிகாரத்தை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கே அளித்திருக்கிறது.

மலைக்குச் செல்லும் அன்பர்களே, கற்திட்டையைக் கண்டால் கல்லை அசைக்காதீர்கள். எவரேனும் பெயர்ப்பதைக் கண்டால் தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ உடனே தெரிவியுங்கள்.