நெஞ்சுக்கினிய பாத்திரமும் தோளிற் சுமக்கும் பையும்

தம் உள்ளத்துக்கு உவந்தாரைப் பிறர் காணும்படி தம்மேற் கொண்டு திரிதல் மக்கட்கு இயல்பு. கையிலே பெயரைப் பச்சை குத்தியோரும், தெய்வ உருப் பொறித்த பதக்கம் அணிந்தோரும், முச்சக்கர வண்டியின் பின்புறத்தில் நடிகர் படத்தை ஒட்டியோரும் மாத்தளை வீதிகளில் நாள்தோறும் எதிர்ப்படுகின்றனர். இவ்வியல்பு இக்காலத்து மாணாக்கரிடத்துப் புதியதொரு வடிவம் பூண்டுள்ளது. வீடியோ கேம் எனப்படும் திரை விளையாட்டுக்களில் வரும் பாத்திரங்களுள் தமக்கு மிக விருப்பமான ஒன்றன் உருவங்களால் ஒரு தோட்பையை அலங்கரித்து அணிதலே அது. இப்பை யாது, எங்ஙனம் செய்யப்படுவது, ஆசிரியராயினார் இதனை எவ்வாறு நோக்கத்தக்கது என்பனவற்றைச் சிறிது ஆராய்வாம்.

இவ்வழக்கம் யப்பானிலே தோன்றியது. ஆங்கு இதன் பெயர் ‘இத்தாபாக்’. ‘இத்தாய்’ என்னும் யப்பானியச் சொல் நோவு எனப் பொருள்படும். காண்பார் கண் நோகுமளவுக்கு மிகையாக அலங்கரித்தது என்னும் நகைச்சுவையே பெயர்க் காரணம். வாங்குவோர் பணப்பைக்கும் நோவே என வேடிக்கையாகக் கூறுவாருமுளர். இங்ஙனம் அலங்கரித்த மோட்டார் வண்டிகளை ‘இத்தாஷா’ என முன்னரே வழங்கினர். பையின் பெயரும் அம்முறையைத் தழுவியது. 2010 களில் இவ்வழக்கம் பெரிதும் பரவிற்று. தோக்கியோ நகரின் அகிஹபாரா, இக்கெபுக்குரோ ஆகிய பகுதிகளில் இதற்கெனப் பைகளும் சின்னங்களும் விற்கும் கடைகள் உள.

பையின் முகப்பில் ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் சாளரம் ஒன்று உண்டு. அதன் உட்புறத்தே துணி போர்த்த மட்டையை வைத்து, அம்மட்டையிலே பாத்திரத்தின் உருவம் பதித்த சின்னங்களைக் குத்துவர். மழையும் தூசும் அவற்றை அணுகா; கழன்றாலும் வீதியில் விழா. கண்டபடி குத்தினால் அழகு கெடுமாதலின் முதலிற் கணக்கிடல் வேண்டும். யப்பானிய வட்டச் சின்னங்களுட் பெருவழக்கான ஒன்று 57 மில்லிமீற்றர் விட்டமுடையது. சாளரம் 28 சென்ரிமீற்றர் அகலமும் 22 சென்ரிமீற்றர் உயரமும் உடையதாயின், நிரைக்கு நான்காக மூன்று நிரையிற் பன்னிரண்டு சின்னங்கள், ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியுடன் செவ்வனே அமையும்.

நிற்க. கடல் கடந்து வரும் சின்னங்களைப் பன்னிரண்டு வாங்குதல் நம் மாணாக்கர் பலர்க்கும் இயலாதது. இங்கேதான் யாம் கற்ற பாடமொன்றைக் கூற வேண்டியுளது. சில ஆண்டுகளின் முன், வேறொரு பாடசாலையிற் பணியாற்றிய காலத்து, இலக்கண வகுப்பிலே மேசைக்கடியில் எதையோ தைத்துக்கொண்டிருந்த மாணவியொருத்தியின் துணிப்பையைப் பறித்து அலுமாரியிற் பூட்டினோம். மாலையில் எடுத்துப் பார்த்தோம். பழஞ்சேலையில் தைத்த அப்பையின் முகப்பிலே, சிவப்புத் தொப்பியும் மீசையுமுடைய மாரியோ என்னும் பாத்திரத்தின் உருவம் சிறு சிறு குறுக்குத் தையல்களால் நிரம்பியிருந்தது. உள்ளே சதுரக்கோட்டுக் கொப்பித் தாளொன்று. அதன் ஒவ்வொரு கட்டமும் நிறந்தீட்டி எண்ணிடப்பட்டிருந்தது. தாளையும் துணியையும் ஒப்பிட்டோம். ஒரு கட்டந்தானும் பிழைக்கவில்லை. அவளுடைய இலக்கணக் கொப்பியில் யாம் ஒருநாளும் காணாத கவனம் அது. மறுநாட் பையைத் திருப்பிக் கொடுத்தோம். வகுப்பில் தைத்தது தவறு என்றோம். தையலைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னோமல்லோம். அக்குறை இன்றும் எம் நெஞ்சில் உளது.

அவள் கைக்கொண்ட முறை தக்க காரணமுடையது என்பதைப் பின்னரே அறிந்தோம். மாரியோ முதன்முதல் 1981 ஆம் ஆண்டு ‘டொங்கி கொங்’ என்னும் விளையாட்டிலே தோன்றினான். அக்காலத்துத் திரையில் ஓர் உருவத்துக்குக் கிடைத்தவை சிற்சில கட்டங்களே. அவற்றுள் வாயையும் தலைமயிரையும் தெளிவுற வரைதல் அரிது. ஆதலின் அவனைப் படைத்த மியமோத்தோ ஷிகெரு வாய்க்கு ஈடாக மீசையும், மயிரை மறைக்கத் தொப்பியும் அமைத்தார். 1985 இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிறதர்ஸ்’ விளையாட்டிலும் சிறிய மாரியோ 16 இற்கு 16 என்னும் கட்டங்களுள் அடங்கினான். கட்டமொன்றுக்குத் தையலொன்றாக 256 தையலுக்கு மேற்படாது உருவம் முற்றும். 1980 இல் தோன்றிய பாக்மானையும் இவ்வாறே தைக்கலாம்.

செய்முறை எளிது. கொப்பித் தாளில் முதலில் உருவைக் கட்டங்கட்டமாகத் தீட்டுக. பின்னர், இழையகன்ற தடித்த துணியில் 4 மில்லிமீற்றர்க் கட்டங்களைப் பென்சிலால் இடுக. உருவம் 64 மில்லிமீற்றராக அமையும். யப்பானியச் சின்னத்தினும் சற்றுப் பெரிது. புறக்கோட்டைத் தைத்த பின் உட்புறத்தை நிரப்புக. குறுக்குத் தையலின் மேலிழைகள் யாவும் ஒரே பக்கம் சாய்ந்திருத்தல் வேண்டும். மாறிச் சாயின் நிறம் திட்டுத்திட்டாய்த் தோன்றும். துணியின் பின்னே மட்டை வைத்து மடித்துத் தைத்து, ஓர் ஊக்கைப் பொருத்தினாற் சின்னம் ஆயிற்று.

ஊசியும் நூலும் கொண்டு பேர்பெற்ற மண் நம் மாவட்டம். ஈனா டி சில்வா அம்மையார் (1922–2015) அளுவிகாரையிலே அயலூர்ப் பெண்களைக் கொண்டு வளர்த்த பத்திக், பூந்தையல் வேலைகள் நாடறிந்தவை. அத்தகைய கைப்பழக்கம் மாரியோவின் மீசையிலே தொடங்கினாலும் குற்றமில்லை. ஒன்று மட்டும் மனங்கொள்ளத்தக்கது. இப்பாத்திரங்கள் பிறர் படைப்பு. உரியவர் அனுமதியின்றி அவற்றின் உருவைத் தைத்து விற்கப் புகுதல் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு மாறாக முடியலாம். தாமே அணிந்து மகிழ்தற்கும் வாணிகத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணாக்கர் அறிதல் நன்று.

விருப்பம் உண்டானவிடத்தே உழைப்பும் பொறுமையும் தாமே வருகின்றன என்பதற்கு அச்சேலைப் பை சான்று. விலைகொடுத்து வாங்கிய பன்னிரண்டு சின்னங்கள் அணிந்தோரின் விருப்பைக் காட்டும். தைத்த ஒன்றோ விருப்பையும் கைத்திறனையும் ஒருங்கே காட்டும். பாடசாலைக் கண்காட்சிகளில் இத்தகைய பைகளுக்கும் ஒரு மேசை ஒதுக்குமாறு பழைய மாணவர் அன்பர்களையும் ஆசிரியர்களையும் வேண்டுகின்றோம். மாணாக்கர் வகுப்பு வேளையிலே தைக்காதிருப்பாராக. ஆசிரியர் பறித்ததைப் பார்த்த பின்னும் பாராட்டாது திருப்பிக் கொடாதிருப்பாராக.