புத்தாக்கமும் உழைப்பறிவும்: ஆக்கவுரிமைத் தீர்ப்பொன்றை முன்வைத்து

புதிய பொருளொன்றைப் புனைந்தவர் அதன் செய்முறையைப் பகிரங்கப்படுத்துவதற்குக் கைம்மாறாக, குறித்த காலத்திற்கு அரசு அளிக்கும் தனியுரிமையே ஆக்கவுரிமையாகும். புதுமை மட்டும் அதற்குப் போதாது. துறையிற் சாதாரணத் தேர்ச்சியுடையார்க்கு வெளிப்படையாகத் தோன்றக்கூடியதாகவும் அப்புனைவு இருத்தலாகாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இதனையே வேண்டிநிற்கின்றது. திரவப் படிகத் திரையாயினும் பித்தளைத் தட்டாயினும் அளவுகோல் ஒன்றே. ஆயின், அத் தேர்ச்சியுடையார் யாவர்?

இந்திய உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் வழங்கிய பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் இந்துஸ்தான் மெற்றல் இண்டஸ்ரீஸ் வழக்கின் தீர்ப்பு இவ்விடயத்தில் மனங்கொள்ளத்தக்கது. பழைய முறையில், கடைசற் பொறியின் ஒருபுறத்தே மட்டும் பொருத்தப்பட்ட பாத்திரங்கள் சுழற்சியின்போது கழன்று பறந்து தொழிலாளரைக் காயப்படுத்தும் அபாயம் இருந்தது. மறுபுறத்திலிருந்தும் அழுத்தித் தாங்கும் ஏற்பாட்டுக்கு 1951இல் ஆக்கவுரிமை கோரப்பட்டது. அவ்வாறு தாங்கும் தத்துவம் கடைசற்றொழிலில் நெடுங்காலம் வழங்கிவந்தமையால், இது பட்டறைச் சீர்திருத்தமேயன்றிப் புத்தாக்கமன்று எனக் கூறி நீதிமன்றம் ஆக்கவுரிமையை நீக்கியது.

புனைவைக் கண்டபின் அது எளிதாகவே தோன்றும். எனவே, அதனை அறியாத, ஆனால் அத்துறையின் பொதுவறிவு வாய்ந்த ஒருவர் அன்றைய சிக்கலை எதிர்கொண்டிருப்பின் இத் தீர்வை எட்டியிருப்பாரா என்றே வினவுதல் வேண்டும். அங்ஙனம் வினவிய நீதிமன்றம், தேர்ந்த கைவினைஞரைச் சாதாரணத் தொழிலாளியினின்றும் வேறுபடுத்தியமை ஊன்றி நோக்கற்பாலது. பொறியின் முன் நின்று காயப்பட்டவனின் அறிவு, அளவுகோலினின்றே விலக்கப்படுகின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் புனைவுகளுள் தனியொருவருக்கு உரியவை மிகச் சிலவே என மார்க்ஸ் 'மூலதன'த்திற் குறிப்பிட்டார். இறம்பொடை முதலாய மலையகப் பகுதிகளின் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் இவ்வுண்மையைக் காணலாம். கொழுந்து போதிய அளவு வாடிற்றா என்பதைக் கையால் தொட்டே அறியும் பயிற்சி, தலைமுறைகளின் கூட்டுழைப்பு ஈந்ததாகும். நமது சட்டம் அச்சிட்டவற்றை மட்டுமன்றி, வாய்மொழியாலும் பயன்பாட்டாலும் பகிரங்கமானவற்றையும் முன்னறிவாக ஏற்கின்றது. ஆயினும், எழுதப்படாத அறிவை நிரூபிப்பது அரிது. இன்று வாட்டுதலை அளக்கும் கருவியொன்றுக்கு யாரேனும் ஆக்கவுரிமை கோரின், அத் தொழிலாளியின் கையறிவு சான்றாக முன்வைக்கப்படுமா என்பது ஐயத்துக்குரியதே.

ஆகவே, தொழிற்களத்து அறிவை முறையாகப் பதிவுசெய்தல் நாட்டாரியல் ஆர்வத்தின்பாற்பட்ட பணி மாத்திரமன்று. பொதுவுடைமையான அறிவு தனியுடைமையாகாது காக்கும் சமூகக் கடமையுமாகும்.