உரிமமும் உடைமையும்: பணிசெயல் முறைமைகளின் உரிமங்கள் பற்றிச் சில குறிப்புகள்

கணினிச் செய்நிரலைச் சட்டம் ஓர் இலக்கியப் படைப்பாகவே கொள்கின்றது. உலக வர்த்தக அமைப்பினைத் தோற்றுவித்த 1994ஆம் ஆண்டு உடன்படிக்கைகளுள் புலமைச் சொத்துப் பற்றியது இதனை வெளிப்படையாகக் கூறுகின்றது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் நூல், கட்டுரை ஆகியவற்றோடு செய்நிரலை ஒரே வரிசையில் வைக்கின்றது. ஆதலின் இலக்கிய ஆய்வாளன் ஒருவன் இத்துறையுட் கால்வைப்பது முற்றிலும் அத்துமீறல் ஆகாது. ஒரு நூலின் பதிப்புரிமை எவருக்குரியது என்ற வினா நமது ஆய்வுகளிற் பெரும்பாலும் அடிக்குறிப்பளவில் நின்றுவிடுகின்றது. செய்நிரலைப் பொறுத்தவரை அவ்வினா உழைப்புக்கும் உடைமைக்குமிடையிலான போராட்டக் களமாகவே ஆகியுள்ளது.

பணிசெயல் முறைமை என்பது கணினியின் வன்பொருளுக்கும் நாம் கையாளும் ஏனைய செய்நிரல்களுக்குமிடையே நின்று, நினைவகம், கோப்புகள், வலையமைப்பு முதலியவற்றைப் பங்கிட்டளிக்கும் அடிப்படைச் செய்நிரலாகும். மனிதர் எழுதி வாசிக்கும் அதன் வடிவம் மூலநிரல். இயந்திரம் ஏற்கும் வடிவம் வேறு. பின்னையதை மாத்திரம் பெற்றவர் அதனை இயக்கலாம். கற்பதும் திருத்துவதும் அவருக்கு அரிது. எவ்வடிவத்தை, எவருக்கு, என்ன நிபந்தனையோடு கொடுப்பது என்பதை வரையறுக்கும் பத்திரமே உரிமம். புதிய முறைமையொன்றை ஆக்குவோர் பலர் இதனை இறுதியில் நிறைவேற்றவேண்டிய சட்டச் சடங்காகக் கருதுகின்றனர். ஆயின், அம்முறைமையிற் பின்னர் யார் உழைப்பர், அவ்வுழைப்பின் பயனை யார் கையகப்படுத்துவர் என்பவற்றை அப்பத்திரம் முன்கூட்டியே வகுத்துவிடுகின்றது என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது.

யுனிக்ஸ் முறைமையின் வரலாறு இதற்கு முதற் சான்றாகும். அமெரிக்காவின் ஏ.ரி. அன்ட் ரி. தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்த பெல் ஆய்வுகூடத்தில் 1969இல் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோரால் அது தொடங்கப்பெற்றது. ஏகபோகத்துக்கெதிரான வழக்கொன்றில் 1956இல் ஏற்பட்ட இணக்கத் தீர்ப்பு, அந்நிறுவனம் தொலைத்தொடர்பு தவிர்ந்த வணிகத்தில் இறங்குவதைத் தடுத்திருந்தது. விற்கவியலாத அப்பண்டம் சிறு கட்டணத்துக்கு மூலநிரலுடன் பல்கலைக்கழகங்களைச் சென்றடைந்தது. இதனை நிறுவனத்தின் தாராள மனப்பான்மை எனப் போற்றுவோர் உளர்; தீர்ப்பொன்று அதனைச் சந்தைக்கு வெளியே நிறுத்தியிருந்ததை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஜோன் லயன்ஸ், யுனிக்ஸின் ஆறாம் பதிப்பு மூலநிரலை வரியெண்ணிட்டு அச்சிட்டு அதற்கு உரையும் எழுதினார். மூலமும் உரையும் என்னும் மரபில் வந்த நமக்கு இது அந்நியமான முயற்சியன்று. ஆனால் 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமம் மூலநிரலைப் பாடநெறிகளிற் கற்பிப்பதற்குத் தடைவிதித்தது. லயன்ஸின் உரை நிழற்படப் பிரதிகளாகவே மாணவர் கைகளில் உலவி, 1996இலேதான் வெளிப்படையாக அச்சேறியது. ஆசிரியர் ஒருவர் ஒரு பனுவலை வகுப்பில் விளக்குவது ஒப்பந்த மீறலாகும் நிலையை இலக்கிய ஆசிரியர்களாகிய நாம் ஒருகணம் கற்பனை செய்து பார்த்தல் தகும்.

1983ஆம் ஆண்டு இவ்வகையில் ஒரு திருப்புமுனை. அப்பிள் நிறுவனம் பிராங்க்ளின் நிறுவனத்துக்கெதிராகத் தொடுத்த வழக்கில், சில்லில் பொறிக்கப்பட்ட பணிசெயல் முறைமைக்கும் பதிப்புரிமை உண்டென அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று அவ்வாண்டு ஓகத்து இறுதியில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ரிச்சட் ஸ்ரோல்மன், யுனிக்ஸை ஒத்த, ஆனால் எவரும் கட்டின்றிப் பயன்படுத்தத்தக்க குனு என்னும் முறைமையை ஆக்கப்போவதாக அறிவித்தார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததென நான் கூறவில்லை. ஒரே வரலாற்று நெருக்கடியின் இரு முகங்கள் அவை. ஏ.ரி. அன்ட் ரி. 1984இல் துண்டாடப்பட்டதும் பழைய தடை நீங்கி, யுனிக்ஸ் முழு வணிகப் பண்டமாயிற்று.

ஸ்ரோல்மனின் குழுவினர் 1989இல் வெளியிட்ட குனு பொது உரிமத்தின் சூட்சுமம் பதிப்புரிமையை நிராகரிக்காமல் அதனையே கருவியாக்கியதில் உள்ளது. ஆக்கியோர் பதிப்புரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்வர். பெறுபவர் நிரலை இயக்கலாம், கற்கலாம், திருத்தலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். ஆயின், திருத்திய வடிவத்தைப் பிறருக்கு வழங்கும்போது அதன் மூலநிரலையும் அதே உரிமத்தின் கீழ்க் கொடுத்தல் வேண்டும். தவறின் அனுமதி அற்றுப்போகும். மீறியவர் சாதாரண பதிப்புரிமை மீறலுக்கு ஆளாவார். 2004இல் ஜேர்மனியின் மூனிச் நீதிமன்றமொன்று இவ்வுரிமத்தைச் செல்லுபடியானதென ஏற்றது. ஆங்கிலத்தில் உரிமைக்கும் வலப்பக்கத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால், வலத்தை இடமாக்கி இம்முறையைக் ‘கொப்பிலெஃப்ட்’ என்றனர். நம்முடைய இடதுசாரி நண்பர்கள் சிலர் இதனைக் கேட்டு மகிழ்வதுண்டு. அது சொல்விளையாட்டன்றி அரசியல் நிலைப்பாடன்று.

இவ்வுரிமத்தின் முக்கியத்துவத்தை லினக்ஸ் நன்கு புலப்படுத்துகின்றது. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் 1991இல் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டபோது தாமே ஓர் உரிமம் எழுதினார். மூலநிரல் எப்போதும் உடன்செல்ல வேண்டும். பிரதிக்குப் பணம் வாங்கலாகாது, கையாளுஞ் செலவுக்கேனும் வாங்கலாகாது என்பன அதன் நிபந்தனைகள். மேலோட்டமாக நோக்கின் இதுவே குனு உரிமத்தைவிட முதலாளித்துவ எதிர்ப்புக் கொண்டதாகத் தோன்றும். நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. நெகிழ்வட்டுகளிற் பிரதி செய்து அனுப்புவோர் வட்டின் விலையையும் தபாற் செலவையுந்தானும் அறவிட இயலாதாயிற்று. இணைய வசதியற்றோரை அது சென்றடைவதற்கு இந்த ‘தூய்மை’யே தடையாயிற்று. 1992 ஜனவரியில் வந்த வடிவத்தோடு, தமது உரிமத்தைக் கைவிட்டுக் குனு உரிமத்துக்கு மாறப்போவதாக அவர் அறிவித்தார்.

இம்மாற்றம் கோட்பாட்டு நிலையில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. முதல் உரிமம் பணத்தைத் தடுத்தது. இரண்டாவது, பணத்தை அனுமதித்துத் தனியுடைமையாக்கலைத் தடுத்தது. பணப் பரிமாற்றமே சுரண்டலின் ஊற்று எனக் கருதும் குட்டி முதலாளித்துவ ஒழுக்கவாதத்தை மார்க்ஸ் புறூதோனுடனான விவாதத்திலேயே கண்டித்துள்ளார். சுற்றோட்டத்தைக் குறை கூறுவது எளிது. உடைமை உறவைத் தொடுவது கடினம். பின்னையதைக் குறைந்த அளவிலேனும் தொட்டமையாற்றான் லினக்ஸ் பல்லாயிரவரின் கூட்டுழைப்பை ஈர்க்க வல்லதாயிற்று எனலாம். தாம் சேர்த்த வரிகள் பூட்டப்பட்டுத் தமக்கே விற்கப்படமாட்டா என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது.

மறுவகை உரிமங்கள் பேர்க்லி மரபைச் சார்ந்தவை. ஆக்கியோரின் பதிப்புரிமைக் குறிப்பை நீக்காதிருத்தல், பொறுப்புத் துறப்பை ஏற்றல் என்பவற்றுக்கு மேல் அவை பெரிதாக எதனையும் கோருவதில்லை. பெற்றவர் தம் திருத்தங்களை மூடிவைக்கலாம். அப்பிளின் பணிசெயல் முறைமையிற் பேர்க்லி வழிவந்த நிரல்கள் கணிசமான இடம்பெற்றமை இவ்வாறே. இதனினும் தெளிவான உதாரணம் மினிக்ஸ். அம்ஸ்ரர்டாமில் அன்ட்ரூ ரனன்பாம், யுனிக்ஸைக் கற்பிக்க விதிக்கப்பட்ட அத்தடையின் பின்னணியிலேயே, மாணவர் வாசிப்பதற்கென 1987இல் அதனை வெளியிட்டார். 2000ஆம் ஆண்டில் அது பேர்க்லி உரிமத்தின் கீழ் வந்தது. இன்ரெல் தனது சில்லுகளினுள், பயனர் அறியாது இயங்கும் முகாமைப் பகுதியில் மினிக்ஸைப் பயன்படுத்தியமை 2017இல் வெளியாயிற்று. அதனை ஆக்கியவருக்கே முன்னர் அறிவிக்கப்படவில்லை. அறிவிக்கவேண்டிய கடப்பாடும் உரிமத்தில் இல்லை. ரனன்பாம் எழுதிய பகிரங்கக் கடிதம், சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும் என்ற அளவில் அமைந்தது. கற்பித்தலுக்கென எழுதப்பட்ட மூலநிரல் எவரும் வாசிக்க இயலாத அறையொன்றினுட் சென்று சேர்ந்தது.

குனு உரிமம் அனைத்தையும் தீர்த்துவிட்டதென எண்ணுதல் தவறு. கடப்பாட்டின் எல்லைக்கோடு எங்கே விழுகின்றது என்பதே பெரும் வினா. லினக்ஸின் உரிமத்தோடு ரோவால்ட்ஸ் சேர்த்த சிறு குறிப்பொன்று, முறைமையின் கருப்பகுதியிடம் வழமையான அழைப்புகள் மூலம் சேவை பெறும் செய்நிரல்களை இவ்வுரிமம் கட்டுப்படுத்தாது என்கின்றது. அக்குறிப்பு இல்லையேல் லினக்ஸ் இத்துணைப் பரவியிராது. அதே கோட்டின் மீதுதான் கூகிளின் அன்ட்ரொயிட் நிற்கின்றது. அதன் கருப்பகுதி லினக்ஸ். அதற்கு மேலுள்ள அடுக்குகள் பெரும்பாலும் அப்பாச்சி என்னும் தளர்ந்த உரிமத்தின் கீழமைந்தவை. அவற்றின் மேல் கூகிளின் மூடிய செயலிகள். ரிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுக் கருவி இன்னொரு வழியைக் காட்டியது. அது மூலநிரலை விதிப்படி வழங்கியது. திருத்திய நிரலைக் கருவி ஏற்காதவாறு பூட்டும் இட்டது. 2007இல் வந்த உரிமத்தின் மூன்றாம் பதிப்பு இதனைத் தடுக்க முனைந்தது. லினக்ஸ் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது.

வழங்கல் நிகழ்ந்தாற்றான் கடப்பாடு எழும் என்பது மற்றொரு வாயில். தன் வழங்கிகளிலேயே நிரலை வைத்து இணையவழிச் சேவையை மட்டும் விற்கும் நிறுவனம் எவருக்கும் பிரதியைக் கொடுப்பதில்லை. எனவே எதனையும் திறக்கவேண்டியதுமில்லை. 2007இலேயே வெளிவந்த குனு அஃபெரோ உரிமம் வலையமைப்பு வழிப் பயன்பாட்டையும் கடப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பெருநிறுவனங்கள் அதனை அஞ்சி ஒதுக்குகின்றன. இங்குதான் உரிமங்களின் வரலாற்றெல்லை தென்படுகின்றது. நிரலைப் பொதுவாக்கலாம், நிரல் இயங்கும் தரவு மையங்களும் மின்சாரமும் சில்லு ஆலைகளும் எவர் கையில் உள்ளன என்பதை எந்த உரிமமும் மாற்றாது. இதனைக் காட்டி உரிமப் போராட்டத்தையே தாராளவாதச் சீர்திருத்தமென ஒதுக்கும் தோழர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தொழிற்சங்கச் சட்டம் கூலி முறையை ஒழிப்பதில்லை என்பதற்காக எவரும் அதனைக் கைவிடுவதில்லை.

இறுதியாக, உரிமத்தைப் பின்னர் மாற்றும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பது கவனிக்கப்படாதுபோகும் அம்சம். லினக்ஸில் ஒவ்வொருவரும் தாம் எழுதிய பகுதியின் பதிப்புரிமையைத் தாமே அல்லது தம்மை அமர்த்திய நிறுவனம் வைத்திருக்கின்றனர். அவர்கள் தொகை பல்லாயிரம். அனைவரதும் சம்மதமின்றி உரிமத்தை மாற்றுதல் நடைமுறையில் இயலாது. அச்சிதறலே அதற்கு அரணாயிற்று. கூகிள் புதிதாக ஆக்கிய ஃபியூஷியா முறைமை 2021இல் முதன்முதலாக வீட்டுக் கருவியொன்றில் வந்தது. லினக்ஸ் கருப்பகுதி அதில் இல்லை. அதன் உரிமங்கள் பேர்க்லி, அப்பாச்சி வகையின. அதற்கு நிரல் எழுதிக் கொடுக்க விரும்பும் வெளியார் முதலில் கூகிளுடன் பங்களிப்பாளர் உடன்படிக்கையொன்றில் ஒப்பமிடல் வேண்டும்.